நேர்த்திக்கடன் என்று சொன்ன மொட்டை

என் தலையைப் பார்க்கிறவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. கண் ஒருமுறை நெற்றிக்கு மேலே போகும், உடனே இறங்கிவிடும், பிறகு வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். மயிலாப்பூர் மரியாதை அவ்வளவுதான். கேட்காமல் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதைவிடவும், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வகிட்டை இடம் மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்கள் எழுதியதில் எது நோய், எது ஜோடனை என்று பிரிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கவுன்ட்டரில் எதைக் கேட்பார்கள், அனுமதிச் சீட்டுக்கு முன்னால் எது, பின்னால் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவ்வளவு தெரிந்தவள், கண்ணாடியில் தெரிந்த ஒன்றைக் காணாததுபோல் இரண்டு வருஷம் இருந்தேன்.

அது உதிர்வாகக்கூடத் தொடங்கவில்லை. சீப்பில் முடி இல்லை, தலையணையில் இல்லை. முன்நெற்றி மட்டும் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டு போனது. பொட்டுக்கும் முடிக்கும் நடுவில் இருந்த இடைவெளி கூடியது. அந்த இடத்துத் தோல் வழுவழுவென்று, மற்ற இடத்தைவிட வெளுத்து இருந்தது. ஓரத்தில் அரிப்பு. வெயிலில் போய் வந்தால் மிளகாய்க் கையால் தடவியதுபோல் எரிச்சல். கூடவே புருவம். புருவம் போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. தி. நகரில் ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒரு மை பென்சில் வாங்கி வந்து வரைந்துகொண்டேன். முதல் நாள் வரைந்ததில் எப்போதும் எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் மாதிரி இருந்தேன். நெற்றியை, உச்சி முடியை முன்னால் இழுத்து வாரி மறைத்தேன்.

"எல்லாம் லாரித் தண்ணி பண்ற வேலை" என்றார் என் கணவர். அவருக்கு இருபத்தைந்து வயதிலேயே உச்சி காலி. "எனக்கும்தான் கொட்டிச்சு. நான் அழுதேனா?"

"உங்களை யாரு பார்த்தா?"

"கல்யாணத்தன்னிக்கு நீ பார்த்தியே. மண்டபத்துல மூஞ்சிய திருப்பிக்கிட்டியே."

இப்போது தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடி போவதற்குக் காரணம் ஒன்றல்ல. பரம்பரையாக வருவது ஆணுக்கு உச்சியிலும் பெண்ணுக்கு வகிட்டிலும் மெலியும். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது வேறு. அது பெரும்பாலும் தானே திரும்பி வரும். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு, சில மாத்திரைகள் என்று ரத்தப் பரிசோதனையில் பிடிபடுவன உண்டு. இறுக்கி இழுத்துக் கொண்டை போட்டே வேரைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. காசு அகலத்துக்கு வட்டமாகப் போவதைப் புழுவெட்டு என்போம். அதில் புழு இல்லை, நம் உடம்பின் காவல்படையே முடியின் வேரைப் பகையாளி என்று எண்ணித் தாக்குகிறது. இவை எல்லாவற்றிலும் மயிர்க்கால் உயிரோடு இருக்கிறது, அதனால் நம்பிக்கையும் இருக்கிறது. கடைசியாக ஒரு வகை. அதில் அந்தக் காவல்படை மயிர்க்காலையே அழித்து, அங்கே தழும்பைப் பூசிவிட்டுப் போய்விடும். தழும்பில் முடி முளைக்காது. எனக்கு வந்தது அதுதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஏன் வருகிறது என்று டாக்டர்களுக்கே திட்டமாகத் தெரியாது. போனது போனதுதான். மீதியைக் காப்பாற்றலாம், சீக்கிரம் போனால்.

நான் சீக்கிரம் போகவில்லை. திருத்தணிக்குப் போனேன்.

என் நாத்தனார் வசந்தா, என் கணவருக்கு ஒரே தங்கை, சைதாப்பேட்டையில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவளுக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் நடந்தது. வீடு முழுக்கப் பயத்தில் இருந்தது. நானும் பயந்தேன், ஆனால் அந்தப் பயத்தின் நடுவிலும், ஆபரேஷன் முடிந்து பார்க்க வரும் சொந்தக்காரக் கூட்டம் என் நெற்றியைப் பார்க்குமே என்று ஒரு மூலையில் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மொட்டை அடித்தவளை யாரும் முடி எங்கே என்று கேட்க முடியாது. சாமிக்குக் கொடுத்த இடத்தில் வழுக்கை இருக்காது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த வாரம் திருத்தணி மலையேறி, தலையைக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினேன். "வசந்தாவுக்காக வேண்டிக்கிட்டேன்" என்று கணவரிடம் சொன்னேன். கோயிலுக்குள் நுழைந்தால் செருப்பைப் பற்றியே கவலைப்படுகிற ஆள் நான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அவர் கண் கலங்கியது. அதைப் பார்த்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் நன்றாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் நாக்குக்காரி. அந்த வாரத்திலிருந்து நல்லவள் ஆனேன். வசந்தா நடமாடத் தொடங்கியதும் வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினாள். "கூடப் பிறந்தவங்ககூட செய்ய மாட்டாங்க. எங்க அண்ணி, இந்த வயசுல, எனக்காக." ஒரு கிழவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். குனிந்தால் நெற்றியும் தெரியாது.

மொட்டையின் ஆயுள் மூன்று மாதம். பின்தலையிலும் உச்சியிலும் கம்பளி மாதிரி நரைமுடி வந்துவிட்டது. முன்னால் காதிலிருந்து காது வரை ஒரு பட்டை மட்டும் அப்படியே பளபளத்தது. "முன்னாடி இன்னும் வரலையே" என்று வசந்தா கேட்கத் தொடங்கினாள். பயத்தில் புத்தி எந்த வேலையும் செய்யும். யாரோ ஒருவர் காணொளியில், புழுவெட்டுக்கு ஆற்றுத்தும்மட்டிக் காயை அரைத்துத் தேய்க்கலாம் என்றார். காய் வந்தது, யாருக்கும் தெரியாமல் அரைத்தேன், அழுத்தித் தேய்த்தேன், எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று மறுநாளும் தேய்த்தேன். கொப்புளம், கொப்புளம் உடைந்து சீழ், பிறகு குளிர்காய்ச்சல். எனக்குச் சர்க்கரையும் உண்டு. ஒரு காலையில் எழுந்தால் கண்களைத் திறக்க முடியவில்லை. வீக்கம் தலையிலிருந்து இறங்கி இமைகளை மூடிவிட்டிருந்தது.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நோயின் பெயர் செல்லுலைட்டிஸ். தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பில் கிருமி பரவுவது. தலையில் வந்தால் கண்ணுக்கும் மூளைக்கும் பக்கம் என்பதால் ஊசி வழியாகத்தான் மருந்து. கண் மூடியபடி தள்ளுநாற்காலியில் போகும்போதும், எந்தக் கவுன்ட்டருக்கு முதலில் போக வேண்டும் என்று என் கணவருக்கு வழி சொல்லிக்கொண்டே போனேன். "பேசாம வர்றியா பத்மா" என்றார்.

வார்டில் பெட்ஷீட் மாற்ற வந்த அம்மாளின் காலடிச் சத்தம் என் கட்டிலருகே நின்றது. "இன்னாமா, மூஞ்சி உப்பிக்கினு கீது. தேனீ கொட்டிச்சா?"

"இல்லம்மா, புத்தி கெட்டுப்போச்சு."

"அது எல்லாருக்கும் கெடுது. மூஞ்சி இப்டி வீங்காது" என்று சொல்லிவிட்டு, என்னைப் புரட்டாமலேயே விரிப்பை மாற்றினார்.

கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தது வசந்தா. மகன் வெளியூர், கணவருக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. "எனக்காகத் தலையைக் கொடுத்தவங்க. நான் பார்க்காம யாரு பார்ப்பா?" என்று நெஞ்சில் தையல் போட்ட தழும்போடு வந்து உட்கார்ந்துவிட்டாள். கண் திறக்காத அந்த நாட்களில் அவளைக் கையாலும் காதாலும்தான் அறிந்தேன். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அது அப்போது பயன்படாது என்பதை யோசிக்கவில்லை. நான் தூங்குகிறேன் என்று நினைத்து, தன் பெண்ணிடம் தொலைபேசியில் அழுதாள். "அந்தப் பிளேடுதான்டி. எவன் தலைக்குப் போட்டதோ. எனக்கு வேண்டிக்கிட்டு, அண்ணி இப்படிக் கிடக்கறாங்க."

நான் நிஜமாகவே தூங்குவதுபோல் மூச்சு விட்டேன்.

வீக்கம் வடிந்து கண் திறந்ததும் தோல் சிகிச்சை டாக்டர் வந்தார். சின்னப் பெண், அவசரம் இல்லாத பேச்சு. புண் ஆறுகிறது என்று பார்த்துவிட்டு, விரலால் அந்தப் பட்டையை ஓரமாகத் தடவினார்.

"இங்க முடி எப்பலேர்ந்து இல்லைம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள், சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த வசந்தா பதில் சொன்னாள். "மொட்டைக்கு முன்னாடி அண்ணிக்கு நல்ல முடி டாக்டர். எனக்காக வேண்டிக்கிட்டு மொட்டை போட்டாங்க. அதுக்கப்புறம்தான் இங்க வரவேயில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா? மொட்டைக்கு அப்புறம்தானா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப கத்தி மூலமா வந்த தொற்றா இருக்கலாம். சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன். பூஞ்சைக்கு மாத்திரை கொடுத்து மூணு மாசம் பார்ப்போம். முன்னாடியே ஆரம்பிச்சதுன்னா நான் வேற ஒண்ணை யோசிச்சிருப்பேன். அதுல காத்திருக்கக் கூடாது, போற முடி திரும்ப வராது. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை."

வேலையில் இருந்த காலமெல்லாம், நோயின் வரலாறு என்ற தலைப்புக்குக் கீழே எழுதப்பட்டதைத்தான் நான் முதலில் படிப்பேன். எப்போது தொடங்கியது என்ற ஒரு வரி தவறினால் கீழே உள்ள அத்தனையும் தவறும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். இப்போது என் படுக்கையில் படுத்துக்கொண்டு, என் தலைக்கு, என் வாயால் அந்த வரியைத் தப்பாகக் கொடுத்தேன். தலையின் மற்றப் பாதியைக் கொடுத்தாவது நல்ல பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த நேரம் தோன்றியிருக்கிறது. மனிதப் பிறவியின் விசித்திரம் என்று இதைச் சொல்லி நழுவ முடியாது. அது என் விசித்திரம்.

டாக்டர் போனதும் வசந்தா சாத்துக்குடிச் சுளையை என் வாயில் வைத்தாள். "அண்ணி, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். வர்ற கிருத்திகைக்குத் திருத்தணி போறேன். உங்களுக்கு நல்லபடியா ஆகணும்னு மொட்டை வேண்டிக்கிட்டேன்."

வசந்தாவின் முடியை நீங்கள் பார்த்ததில்லை. இடுப்புக்குக் கீழே வரும். இந்த வயதிலும் மல்லிகைப்பூ வைத்தால் பூ நிற்கும்.

"உனக்கு எதுக்குடி? ஆபரேஷன் ஆன உடம்பு."

"உடம்புக்கும் முடிக்கும் என்ன? நீங்க எனக்குச் செஞ்சீங்க இல்ல?"

அன்று இரவு முழுக்க யோசித்தேன். எனக்கு வந்த தீர்வும் என் குணத்துக்கு ஏற்றதுதான்: டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்வது, வசந்தாவிடம் வேறு ஏதாவது சொல்லித் தடுப்பது. மறுநாள் டாக்டர் வரும் நேரம் பார்த்து, வசந்தாவைக் கீழே கேன்டீனுக்கு அனுப்பினேன்.

"டாக்டர், நேத்து நான் சொன்னது தப்பு. ரெண்டு வருஷமா இருக்கு. புருவமும் போச்சு. இது பென்சில்." கண் திறந்த அன்றே பையிலிருந்த பென்சிலால் வரைந்துகொண்டதைத் துணியால் துடைத்துக் காட்டினேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை நெற்றியின் ஓரத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "மயிர்க்கால் வாயே மூடியிருக்கு. நடுவுல ஒண்ணு ரெண்டு முடி தனியா நிக்குது பாருங்க. சுத்திச் சிவப்பு. இந்தச் சிவப்பு இருக்கிற வரைக்கும் நோய் நடந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். ஏம்மா முதல்லயே சொல்லலை?"

"மொட்டை அடிச்சதே இதை மறைக்கத்தான்."

"ரெண்டு வருஷத்துல எவ்வளவு காப்பாத்தியிருக்கலாம் தெரியுமா?" திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லத் தெரியும்.

சதைச் சோதனை செய்ய வேண்டும் என்றார். மரத்துப்போகும் ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்கு ஒரு வட்டக் கத்தியால் துளி சதை எடுத்து, ஒரு தையல் போடுவது. அதை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வசந்தா பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். சதை, கத்தி என்ற சொற்கள் காதில் விழுந்ததும் கதவோரத்தில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். "என்னாலதான். எல்லாம் என்னாலதான்."

டாக்டர் நல்ல பெண். எழுந்து போய் அவள் தோளைத் தொட்டார். "நீங்க ஏம்மா அழறீங்க? உங்களால ஒண்ணும் இல்லை. இது மொட்டையால வந்ததே இல்லை. ரொம்ப முன்னாடியே இருக்கு."

வசந்தா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "நல்ல முடி இருந்துச்சே. அப்படியா அண்ணி?"

என் பிரிவில் ஒரு விதி இருந்தது: நோயாளியின் தகவலை அவர் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. அதைச் சொல்லி டாக்டரை ஒரு பிடி பிடித்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னது அவளுடைய அழுகையை நிறுத்துவதற்காக. நான் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கக்கூடிய அழுகை அது.

"ஆமா வசந்தா. முடி போக ஆரம்பிச்சுது. அதை மறைக்க மொட்டை போட்டேன். உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன்."

டாக்டர் மெல்ல வெளியே போய்விட்டார்.

வசந்தா கொஞ்ச நேரம் என் நெற்றியைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொள்கிற இடத்தை அவள் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தாள். புருவத்தையும் பார்த்தாள். பிறகு கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

"சரி, முடி அதுக்காகப் போகட்டும். என்னை உள்ள கொண்டுபோனப்ப, நீங்க ஒண்ணுமே வேண்டிக்கலையா?"

வேண்டிக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் கேட்டாள். ஒரு சின்னச் சொல், அதுவும் ஆறுதலுக்கு. ஆனால் முந்தின நாள் சொன்ன ஒரு 'ஆமாம்' என்ன செய்ய இருந்தது என்று அப்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முடித்திருந்தார்கள்.

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஆபரேஷன் நடக்கும்போது வர்றவங்க என் நெத்தியைப் பார்ப்பாங்களேன்னு யோசிச்சிக்கிட்டிருந்தேன்."

அவள் பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி என் பக்கம் வைத்தாள். தன் பையை எடுத்துக்கொண்டாள். "அண்ணனை வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறிப்போகும் வரை அந்தக் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கணவர் வந்து இருந்தார். முதுகுவலியோடு அந்த மடக்குக் கட்டிலில் படுத்தார். என்ன ஆயிற்று என்று நானே சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "மொட்டை எதுக்குன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நானே வழுக்கைதானே" என்றார். சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

சதைச் சோதனை முடிவு டாக்டர் நினைத்ததையே சொன்னது. இப்போது மலேரியாவுக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைச் சாப்பிடுகிறேன்; அதற்காகக் கண் பரிசோதனையும் தவறாமல் செய்ய வேண்டும். மாதாமாதம் நெற்றி ஓரத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். வலிக்கும். சிவப்பு குறைந்திருக்கிறது. போன முடி வரவில்லை, வராது. இருப்பது இருக்கிறது, அதைத்தான் வெற்றி என்கிறார் டாக்டர். ஆகவே சொல்கிறேன்: நெற்றி ஏறினால், வேரைச் சுற்றிச் சிவந்து எரிந்தால், புருவம் மெலிந்தால், எண்ணெய், வெங்காயம், காய் எதையும் தேய்க்காதீர்கள், மழிக்காதீர்கள், தோல் டாக்டரிடம் போங்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். கூட யார் உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள்.

வசந்தா திருத்தணி போகவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் எக்கோ பரிசோதனை அவளுக்குப் போன மாதம் இருந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை. கணவர் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலையில் எதுவும் சுற்றாமல், புருவம் வரையாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

"உங்களை யாரு வரச் சொன்னா?" என்றாள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"யாரும் சொல்லலை."

"இப்படியேவா பஸ்ல வந்தீங்க?"

"ஆட்டோல."

"எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். ஒரு நிமிஷம் தயங்கி, தன் கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வசந்தாவுக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். யாரிடம் கேட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பதிலுக்கு எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை. சும்மாதான் கேட்டேன்.